ஒரு வாய் மிச்சம்

காரைக்குடியில் செக்காலை ரோட்டுப் பக்கம் ராமென் கடை திறந்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும் எனக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. ஜப்பான்காரர்களின் நூடுல்ஸ் சூப்புக்கு இந்த ஊரில் என்ன வேலை என்று கேட்காதீர்கள். பர்மாவிலிருந்து வந்த கவுனி அரிசியைச் சொந்தச் சரக்காக்கிக்கொண்ட ஊர் இது. கிண்ணம் வந்தது. கோழி எலும்பு மணிக்கணக்காகக் கொதித்த வாசனை முகத்தில் அடித்தது. அவ்வளவுதான், நான் ஒசாகாவுக்குப் போய்விட்டேன்.

பத்து வருடம் இருக்கும். கம்பெனி என்னையும் ஒக்கூர்ச் சொக்கலிங்கத்தையும் நான்கு மாத வேலைக்கு அங்கே அனுப்பியிருந்தது. சனிக்கிழமையானால் ராமென் கடை தேடி அலைவோம். சூப்புக்கு இவ்வளவு, நூடுல்ஸ் பதத்துக்கு இவ்வளவு என்று நான் ஒரு நோட்டில் மார்க் போடுவேன். அதற்கு முன்பே சென்னை, பெங்களூர், சிங்கப்பூர் கடைகளுக்கும் அதே நோட்டோடு போயிருக்கிறேன். வெந்நீர் வைக்கத் தெரியாதவன் நடத்திய பரீட்சை அது. சொக்கலிங்கம் விடமாட்டான். “அந்தாளு ஆயுசு பூரா அடுப்படியில நிக்கிறாரு. நீ அவருக்கு மார்க்குப் போடுறியாக்கும்!”

அவன் சொன்ன ‘அந்தாளு’, ரயில் நிலையத்துக்குப் பின்னால் எட்டே இருக்கைகளோடு கடை வைத்திருந்த கிழவர். தலையில் துண்டு கட்டியிருப்பார். மகள் பரிமாறுவாள். முதல் நாள் ஒரு வாய் குடித்தபின் நாங்கள் இருவரும் கிண்ணத்தைவிட்டுத் தலை நிமிரவில்லை. நாட்டுக்கோழி ரசம் குடித்து வளர்ந்தவன்தான் நான். இருந்தாலும் ஒரு கோழிக்குள் இவ்வளவு இருக்கிறதென்று அன்றைக்குத்தான் தெரிந்தது. கண் கலங்கிவிட்டது, மிளகுக் காரம் என்று சமாளித்தேன். நோட்டில் நூற்றுக்கு நூறு.

முடிக்கும்போது இருவரும் ஒரு வாய் சூப்பை மிச்சம் வைத்தோம். எங்கள் பக்கத்துப் பந்தியில் உட்கார்ந்தவர்களுக்கு இது புரியும். இலையில் எது தீர்ந்தாலும் கேட்காமல் மறுபடி வந்து விழும். போதுமென்றால் கொஞ்சம் விட்டுவைக்க வேண்டும். “வழிச்சுத் துடைச்சா, வயித்துக்குப் பத்தலைன்னு நெனைப்பாக” என்று ஆத்தா சொல்லி வளர்த்த பழக்கம்.

அதன்பிறகு சனிக்கிழமை தவறாமல் அந்தக் கடைதான். நாங்கள் வழக்கம்போல ஒரு வாய் விட்டுவைத்த கிண்ணத்தை எடுக்கும்போது கிழவர் அதற்குள் ஒரு பார்வை பார்ப்பார். ஆனால் சூப் வாரத்துக்கு ஒரு மாதிரி இருந்தது. ஒரு வாரம் உப்பு மட்டு, ஒரு வாரம் இஞ்சி தூக்கல், இன்னொரு வாரம் மேலே மிதக்கும் எண்ணெயைக் காணோம். நூறு எண்பதாகி எழுபதுக்கு இறங்கியது. ‘கைப்பக்குவம் நிலையாக இல்லை’ என்று வேறு எழுதி வைத்தேன்.

ஏழாவது சனிக்கிழமை மகள் தயங்கித் தயங்கி அலைபேசியை நீட்டினாள். அவள் மொழியில் எழுதியதை அது ஆங்கிலமாக்கியிருந்தது. அப்பா ஒவ்வொரு வாரமும் உங்கள் இருவர் கிண்ணத்துக்கு மட்டும் மாற்றி மாற்றிக் கலந்து பார்க்கிறார், இன்னும் எது உங்களுக்குப் பிடிக்கவில்லை என்று கேட்கிறார்.

அங்கே அடிவரை குடிப்பதுதான் பாராட்டு என்பது அப்போதுதான் உறைத்தது. யாரோ இரண்டு அயலூர்க்காரர்கள் விட்டுப்போன ஒரு வாய்க்காக, தன் கைமேல் சந்தேகப்பட்டுக்கொண்டு ஒரு மனிதர் இத்தனை வாரம் நின்றிருக்கிறார். அவருக்குத்தான் நான் எழுபது போட்டேன்.

“குத்தம் நம்ம மேலடா” என்றான் சொக்கலிங்கம்.

ஆறிப்போன மிச்சத்தை எடுத்துக் குடித்தேன். எங்கள் ஊர்ப் பழக்கத்தை விளக்கி, முதல் நாள் சூப்பைப் போல எங்கும் குடித்ததில்லை என்று எழுதிக் காட்டினேன். மகள் படித்துச் சொன்னதும் கிழவர் தலைத்துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். அடுத்த சனிக்கிழமை அந்த முதல் நாள் சூப்பையே வைக்கிறேன் என்றார். எங்களுக்குப் புதன்கிழமை விமானம். அந்தச் சிரிப்பைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சரியென்று தலையாட்டிவிட்டேன். எவ்வளவு பெரிய கோழை நான்!

செக்காலை ரோட்டில் கடைசிச் சொட்டுவரை குடித்தேன். காலிக் கிண்ணத்தைப் பார்த்த கடைக்காரர் கரண்டியோடு ஓடி வந்தார். “பத்தலையாண்ணே? இந்தா ஊத்துறேன், எந்திரிச்சிராதீக!” ஊற்றியதையும் குடித்தேன். நோட்டை இப்போதெல்லாம் எடுத்துப் போவதில்லை.

போன வருடம் சொக்கலிங்கம் ஒசாகா போனபோது தேடிப் பார்த்திருக்கிறான். கடை இருந்த இடத்தில் சைக்கிள் நிறுத்துகிறார்களாம். அப்பாவும் மகளும் எங்கே போனார்கள் என்று அக்கம்பக்கத்தில் யாருக்கும் தெரியவில்லை. நாங்கள் போகாத அந்தச் சனிக்கிழமை இரண்டு கிண்ணத்தைத் தனியே எடுத்து வைத்துவிட்டு, கதவு திறக்கும்போதெல்லாம் அவர் நிமிர்ந்து பார்த்திருப்பார்.