ஒழுகியது என்ஜின் ஆயில் இல்லை

நம்புகிறவர்கள் நம்பட்டும். நம்பாதவர்கள் கள்ளக்குறிச்சியில் பழைய டீசல் மெக்கானிக் யாரையாவது பிடித்து மஜீத் பாய்க்கு என்ன நடந்தது என்று கேட்டுப் பார்க்கட்டும். இதில் ஒரு சொல்லும் கூட்டிச் சொன்னதில்லை. ஒன்று மட்டும்: சோற்றுத் தட்டின் முன்னால் மஜீத் இதைப் பேசவே மாட்டார். நீங்களும் சாப்பிட்டு முடித்துவிட்டுப் படிப்பது நல்லது.

1987 செப்டம்பர். இடஒதுக்கீடு கேட்டு சாலை மறியல் நடந்த நாட்கள். கீழே கச்சிராயபாளையம் சாலையில் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே தள்ளியிருந்தார்கள். பஸ் ஓடவில்லை. மறியலுக்கு முந்தைய நாள் கல்வராயன் மலையேறிய மஜீத், இறங்க வழியில்லாமல் கரியாலூரில் மாட்டிக்கொண்டார்.

அவரை வரச்சொன்னவர் அரங்கநாதன். மலையில் கடுக்காயும் மரவள்ளிக் கிழங்கும் வாங்கிக் கீழே கொண்டுபோய் விற்பவர். வேறு இடத்தில் ஓடிய பழைய என்ஜினை வாங்கிப் பொருத்திய அவருடைய டீசல் பிக்கப் ஒருமுறை மலை இறங்கி ஏறினால் போதும், ஆயில் பாதியாகிவிடும். நான்கு மெக்கானிக்குகள் பார்த்துவிட்டார்கள். எங்கே ஒழுகுகிறது என்று ஒருவருக்கும் பிடிபடவில்லை.

மஜீத்துக்கு அது பெரிய விஷயமாகத் தெரியவில்லை. எண்ணெய் சொட்டும் இடம் வேறு, கசியும் இடம் வேறு. காற்று அதை இழுத்துக்கொண்டுபோய் எங்கெங்கோ பூசிவிடும். என்ஜினை டீசல் விட்டுக் கழுவினார். துணியால் துடைத்துக் காயவைத்தார். அரங்கநாதனின் மகள் கோகிலவாணி பிள்ளைப்பேற்றுக்காக வந்திருந்தாள். அவளுடைய முகப்பவுடரை வாங்கி என்ஜின் முழுக்கத் தூவினார். கசிந்தால் வெள்ளையில் கறுப்புக் கோடு காட்டிக்கொடுத்துவிடும்.

கொஞ்ச நேரம் ஓடவிட்டுப் பார்த்தார். மேல் மூடியில் கசிவு இல்லை. பில்டரில் இல்லை. என்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தில், கிளட்ச் கூட்டின் அடி ஓட்டையிலிருந்து மட்டும் சொட்டியது. அப்படியென்றால் எண்ணெயை அடைத்து நிறுத்தும் ரப்பர் வளையம், அந்தப் பின்பக்க ஆயில் சீல், போயிருக்கிறது. புது சீல் அவர் பையிலேயே இருந்தது.

"இவ்ளோதான் அண்ணே. கியர்பாக்ஸ எறக்கி சீல மாத்துனா முடிஞ்சிபோச்சி" என்றார்.

மறுநாள் காலையில் வண்டிக்கு அடியில் படுத்தவர் ஒன்றைக் கவனித்தார். தரையில் தேங்கியிருந்த எண்ணெயில் ஈக்கள் மொய்த்தன. என்ஜின் ஆயிலை ஈ சீண்டாது. ஒரு நாய் வந்து அதை நக்கியது. நான்கு அடி போய்க் கக்கியது. திரும்பி வந்து, கக்கியதை விட்டுவிட்டு எண்ணெயையே மறுபடி நக்கியது.

மஜீத் விரலில் தொட்டுப் பார்த்தார். வெதுவெதுப்பாக இருந்தது. ராத்திரி முழுக்க அணைந்து கிடந்த என்ஜின் அது.

முகர்ந்தார். விளக்கெண்ணெய். அதோடு வியர்வை. பல நாள் தலைக்குத் தண்ணீர் ஊற்றாதவர்கள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தால் வருமே, அந்த வாடை. விரலில் வெள்ளை வெள்ளையாக ஏதோ ஒட்டியிருந்தது. பொடுகு மாதிரி...

சோப்புப் போட்டார். மண்ணெண்ணெய் போட்டார். வாடை போகவில்லை. காலைச் சாப்பாட்டைப் பிசையும்போதும் அதே வாடை. தட்டை அப்படியே தள்ளி வைத்துவிட்டார்.

சுமை ஏற்றும் செல்லமுத்து துணைக்கு வந்தான். தூறலில் நனைந்துகொண்டே இருவரும் கியர்பாக்ஸை இறக்கினார்கள். அது தரையைத் தொட்ட நேரம் வீட்டுக்குள்ளிருந்து ஒரு அலறல். கோகிலவாணிக்கு வலி கண்டுவிட்டது.

அரங்கநாதன் ஓடிவந்தார். "பாய், புள்ள குறுக்கால கெடக்குதாம். மருத்துவச்சி கைய விரிச்சிட்டா. ஆஸ்பத்திரிக்கு எடுத்துக்கினு போவணும். வண்டி இன்னா ஆச்சி?"

"அப்படியே போட்டா வழியிலயே ஆயில் ஒழுகி என்ஜின் புடிச்சிக்கினு நின்னுடும். கொஞ்சம் பொறுங்கண்ணே. மாட்டிடறேன்."

மலையில் வேறு வண்டி இல்லை. மஜீத் மறுபடி அடியில் புகுந்தார். பிளைவீல் என்னும் அந்தக் கனமான சக்கரத்தைக் கழற்றினார்.

உள்ளே சீல் தெரியவில்லை.

சீல் இருக்க வேண்டிய இடத்தில், சுழலும் தண்டைச் சுற்றி, கறுப்பாக ஒரு பந்து. பழைய கயிறு என்று நினைத்தார். குறடால் பிடித்து இழுத்தார்.

வந்தது...

வந்துகொண்டே இருந்தது.

முடி. நீளமான பொம்பளை முடி. எண்ணெய் ஊறி வழுவழுப்பாக. சூட்டில் ஓர் இழைகூடக் கருகவில்லை. ஈரமாக அவருடைய முழங்கையில் சுற்றிக்கொண்டது. முகத்தில் சொட்டியது. ஒரு சொட்டு உதட்டில் விழுந்தது. காறிக் காறித் துப்பினார்.

கடைசியில் எதுவோ சிக்கி நின்றது. பலமாக ஓர் இழுப்பு.

சளப்...

அவர் நெஞ்சின் மேல் விழுந்தது.

உள்ளங்கை அகலத்துக்குத் தோல். முடி அதிலிருந்துதான் முளைத்திருந்தது. அடிப்பக்கம் வெளுப்பாக, ஈரமாக. அழுகவில்லை. காயவில்லை.

உதறிக்கொண்டு வெளியே உருண்டார். மலைக்காற்று சில்லென்று வீசியது.

அந்தத் தோல் புல்லரித்தது.

ஆமாம். புள்ளி புள்ளியாக... நம் கையில் குளிருக்குப் புல்லரிக்குமே, அதே மாதிரி. மஜீத் பார்த்தார். செல்லமுத்துவும் பார்த்தான்.

"பாய்... இன்னா பாய் இது..."

பயத்தை அருவருப்பு முந்திக்கொண்டது மஜீத்துக்கு. இது இந்த உலகத்தில் இருக்கவே கூடாது என்று மட்டும்தான் தோன்றியது. மழை விட்டிருந்தது. குறடால் தூக்கிக் கழிவுப் பஞ்சின் மேல் போட்டார். டீசலை ஊற்றினார். தீக்குச்சியைக் கிழித்தார்.

பற்றியதும் அது சுருண்டது. ஒரு சத்தம். "ஸ்ஸ்..." சுட்டுக்கொண்டவர்கள் பல்லைக் கடித்து இழுக்கும் மூச்சு.

சனிக்கிழமை. மணி மூன்றேகால்.

மஜீத் வேலியைப் பிடித்துக்கொண்டு குடல் வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுத்தார்.

பிறகு சீலைப் பார்த்தார். கீறல் இல்லை. வெளிப்பக்கம் துடைத்து வைத்தது போலக் காய்ந்திருந்தது. அது ஒருநாளும் ஒழுகியதே இல்லை. அப்படியானால் ஆயிலைக் குடித்ததும், சொட்டியதும் அந்த முடிதானா...

யோசிக்க நேரமில்லை. எல்லாவற்றையும் மாட்டி, கோகிலவாணியைப் பின்னால் படுக்கவைத்து இறங்கினார்கள். கீழே வெட்டிப்போட்ட மரத்தின் மேல் பையன்கள் உட்கார்ந்திருந்தார்கள். வண்டிக்குள் எட்டிப் பார்த்த ஒருவன், "பிரசவ கேசுடா, தள்ளுங்கடா!" என்று கத்தினான். மறித்தவர்களே மரத்தை இழுத்து வழிவிட்டார்கள். அன்று இரவு ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்தது. தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள்.

மஜீத் டார்ச் அடித்து வண்டிக்கு அடியில் பார்த்தார். ஒரு சொட்டு இல்லை.

அதை அப்படியே விட்டிருக்கலாம். ஆனால் சோறு இறங்கவில்லை. எதை வாயில் வைத்தாலும் அந்த விளக்கெண்ணெய் வாடை. அந்த என்ஜினை எங்கே வாங்கியது என்று அரங்கநாதனிடம் கேட்டார். மூங்கில்துறைப்பட்டுப் பக்கம் வெல்லம் காய்ச்சும் ஒரு கொட்டகையில் கரும்பு பிழிய ஓடிய பழைய என்ஜினாம். வழி ஓரளவு திறந்ததும் மஜீத் அங்கே போனார்.

கொட்டகையில் ஆள் இல்லை. எதிர்வீட்டில் சாலம்மாள் என்ற பெண் இருந்தார். என்ஜின் என்ற சொல்லைக் கேட்டதுமே அந்த அம்மாளின் முகம் மாறியது.

"எங்க அக்கா குஞ்சம்மா தலமுடி அதுலதான் மாட்டிக்கிச்சி, பாய். கரும்பு தூக்கிக்கினு குனிஞ்சா. பெல்ட்டு சடைய இழுத்துக்கிச்சி. மண்டத் தோலோட பிச்சிக்கினு போச்சி. எவ்ளோ தேடியும் கெடைக்கல."

மஜீத் மெல்லக் கேட்டார். "பாவம்... அப்பவே எறந்துட்டாங்களா?"

"இல்ல பாய். பொழைச்சிக்கினா. எட்டு வருசம் உசுரோட இருந்தா. மசுரே மொளைக்கல. ஆனா, 'சடைய வுடச் சொல்லுடி, சுத்தறாங்கடி'ன்னு கத்திக்கினே இருப்பா. எந்த டாக்டராலயும் நிறுத்த முடியல."

"இப்ப?"

"மறியல் நடந்துச்சே, அந்த சனிக்கெழம. மழ வுட்ட நேரம், மூணேகால் இருக்கும். சட்டுனு கத்தறத நிறுத்திட்டா. தலயத் தடவிப் பாத்தா. 'வுட்டுட்டாங்கடி'ன்னு சிரிச்சா, பாய். எட்டு வருசத்துல அன்னிக்குதான் சிரிச்சா."



"அப்புறம்?"

"'எரியுது'ன்னா. அவ்ளோதான். உடம்பு பூரா நல்லா இருந்துச்சி, தல மட்டும் வெந்துபோச்சி. வூட்டுல அன்னிக்கி அடுப்புகூட மூட்டல, பாய்..."

சாலம்மாள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"வூடு பூரா டீசல் நாத்தம்."