பேர் சொல்லும் அக்கா

அந்த ஆஸ்பத்திரியில் அவளுக்கு ஒரு மேசை, எதிரே இரண்டு நாற்காலி, கண்ணைத் துடைத்துக்கொள்ள ஒரு பெட்டி காகிதம். கதவில் ‘நோயாளர் தகவல்’ என்று எழுதியிருந்தது. ஜனங்கள் வைத்த பேர் வேறு: பேர் சொல்ற அக்கா. டாக்டர் நடந்துகொண்டே முணுமுணுத்துவிட்டுப் போகிற நோயின் பேரை, சொந்தக்காரர்களை உட்காரவைத்து ஆற அமரச் சொல்வதுதான் அவள் உத்தியோகம். “பேர் சொல்ல ஒரு பிள்ளை இல்லேன்னாலும் ஊர் நோய்க்கெல்லாம் பேர் சொல்றியேடி” என்று நர்ஸ்கள் கிண்டல் செய்வார்கள். கல்யாணம் ஆகாதவளிடம் சொல்லக்கூடிய கிண்டலா அது? அவளும் சிரித்துவைப்பாள்.

பேர்களில் பாதிக்கு மேல் கிரேக்கத்திலிருந்து வந்தவை. அந்த தேசம் வரைபடத்தில் எங்கே இருக்கிறதென்று கேட்டால் அவளுக்குத் தெரியாது. ஆனால் மதியச் சாப்பாட்டு வேளையில் போனைக் காதோடு வைத்துக்கொண்டு, அகராதியில் ஒரு பெண் குரல் உச்சரிப்பதைத் திரும்பத் திரும்பக் கேட்டுப் பழகியிருந்தாள். சொரியாசிஸுக்கு முன்னால் இங்கிலீஷ் எழுத்தில் ஒரு ‘ப்’ உண்டு. அது வீட்டோடு மாப்பிள்ளை மாதிரி, உட்கார்ந்திருக்கும், வாய் திறக்காது. நிமோனியாவிலும் அதே கதைதான். எபிஸ்டாக்ஸிஸ் என்றால் மூக்கில் ரத்தம் வடிவது. நகம் கடிப்பதற்குக்கூட ஆனிக்கோஃபேஜியா என்று ஒரு பேர் இருக்கிறது. நகத்தைத் தின்பது என்று அர்த்தம். செஃபலே என்றால் தலை, ஆல்கோஸ் என்றால் வலி, ஆக செஃபலால்ஜியா என்றால் வெறும் தலைவலி.

தலைவலி என்று வந்தவன் தலைவலி என்றே திரும்பிப் போனால் ஏமாந்தவன் ஆகிறான். செஃபலால்ஜியா என்று போனால் தெருவில் நாலு பேர் நின்று விசாரிக்கிறார்கள். வார்டில் பக்கத்துப் பக்கத்துக் கட்டில்காரர்கள் யாருடைய நோய்க்கு நீளமான பேர் என்று போட்டி போட்டதை அவளே பார்த்திருக்கிறாள். இடியோபதிக் என்று ஒரு வார்த்தை உண்டு. ‘தனக்கே உரிய துன்பம்’ என்பது அதன் கிரேக்க மூலம். ‘காரணம் எங்களுக்குத் தெரியாது’ என்பது டாக்டர்களின் அர்த்தம். அதை அப்படியே சொன்னால் அடிக்க வருவார்கள். இடியோபதிக் என்று சொன்னால் கும்பிட்டுவிட்டுப் போவார்கள்.

எல்லாவற்றிலும் மோசமான வார்த்தை ஒன்று இருந்தது. ஐயாட்ரோஜெனிக். ஐயாட்ரோஸ் என்றால் வைத்தியர். மிச்சம், அவரால் பிறந்தது. பச்சைத் தமிழில் சொன்னால் வேலியே பயிரை மேய்ந்தது. இந்த வார்த்தையை எப்படிக் கையாள வேண்டும் என்று பெரிய டாக்டர் அவளுக்கு ஆரம்பத்திலேயே சொல்லிக்கொடுத்திருந்தார்.

“வார்த்தைய மட்டும் சொல்லுங்கம்மா. அர்த்தம் கேட்டா, ரொம்ப அபூர்வமா வர்றதுன்னு சொல்லுங்க. அபூர்வம்தானே? பொய் இல்லியே?”

மனைவியை நடக்கவைத்துக் கூட்டிவந்து, தள்ளுவண்டியில் எடுத்துப்போன தச்சர் ஒருவர் அந்த வார்த்தையைத் திரும்பத் திரும்பக் கேட்டு மனப்பாடம் செய்துகொண்டார். “நல்லாப் புரியும்படி சொன்னீங்கம்மா” என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார். அன்று அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மறுநாள் இறங்கியது.

வீட்டில் அவளும் தங்கையும் மட்டும். அப்பா அம்மா போய்ச் சேர்ந்து வெகுகாலம். தங்கைக்குப் படிப்பு ஏறவில்லை, ஆனால் குரல் இருந்தது. “வாயுள்ள பிள்ளை பிழைக்கும்” என்று அம்மா அவளைப் பற்றி ஓயாமல் சொல்லுவாள். அது பலித்தது. பஸ் நிலையத்தில் மைக் அறை வேலை கிடைத்தது. எந்த வண்டி எந்த மேடையில் என்று அவள் சொன்னால், தூங்குகிறவன்கூட எழுந்து சரியான வண்டியில் ஏறுவான். அக்கா வேலை முடிந்து அந்தப் பக்கமாக வரும்போது, வேண்டுமென்றே ஒரு பெஞ்சில் உட்கார்ந்து கொஞ்சநேரம் கேட்டுவிட்டுத்தான் வருவாள். என் தங்கச்சி என்று பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லவும் செய்வாள்.

தங்கையின் கழுத்தில் ஒரு கட்டி வந்தது. அவளுக்குக் கத்தி என்றாலே பயம். “எங்க ஆஸ்பத்திரி இருக்கும்போது என்னடி பயம்? பெரிய டாக்டரே பண்ணுவாரு” என்று கையைப் பிடித்து அழைத்துவந்தவள் அக்காதான்.

கட்டி போனது. குரலும் போனது. வாயைத் திறந்தால் வெறும் காற்றுதான் வந்தது. பெரிய டாக்டர் அக்காவைத் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

“உங்க தங்கச்சின்னு தெரியும்மா. நரம்புல கத்தி பட்டிருச்சு. ஏஃபோனியா. ஐயாட்ரோஜெனிக்.” மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “நீங்களே சொல்லிருங்க. வழக்கம் போல.”

அந்த ‘வழக்கம் போல’வில் என்ன இருந்தது என்று அவளுக்குப் புரிந்தது. மைக் அறை வேலை இனி நிலைக்காது. உண்மையைச் சொன்னால் தங்கை சும்மா இருக்க மாட்டாள், கேள்வி கேட்பாள். இந்த மேசையும் போகும். வீட்டில் ஒருத்தி சம்பளமாவது மிஞ்சட்டும் என்று நினைத்தாள். நினைத்தபடியே வார்டுக்கு நடந்து, தங்கையின் கட்டிலில் உட்கார்ந்து, முழுப் பூசணிக்காயை ஒரே ஒரு கிரேக்க வார்த்தையில் மறைத்தாள்.

“ஏஃபோனியான்னா குரல் இல்லாம போறதுடி. டெலிபோன்ல வருதுல்ல, அதே போன்தான், குரல்னு அர்த்தம். இது ஐயாட்ரோஜெனிக் வகை. ரொம்ப அபூர்வமா வரும். போகப் போகச் சரியாயிடும்.”

தங்கை தலையாட்டினாள். அந்த நீள வார்த்தையை உதட்டால் சொல்லிப் பார்த்தாள். உச்சரிப்பு ஓர் இடத்தில் பிசகியது. பாவி, அக்கா அதைத் திருத்தினாள்.

அதற்குப் பிறகு தினமும் ராத்திரி சாப்பிட்டதும் அக்கா வெந்நீர் வைத்துக் கொடுப்பாள். தங்கை குடிப்பாள், குடித்துக்கொண்டே அக்காவின் முகத்தைப் பார்ப்பாள். “போகப் போகச் சரியாயிடும்” என்பாள் அக்கா. வேறு ஆஸ்பத்திரிக்குச் சீக்கிரம் போனால் நரம்பைச் சரிசெய்யப் பார்ப்பார்கள் என்பது அவளுக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் வெந்நீர் வைத்தாள்.

மாதங்கள் போயின. ஒரு சாயங்காலம் அக்கா வீட்டுக்கு வந்தபோது, தங்கை பஸ் நிலையத்துச் சீருடையைக்கூட மாற்றாமல் உட்கார்ந்திருந்தாள். அன்றுதான் அவளைக் கழிப்பறை வாசலில் சீட்டுக் கிழிக்கும் வேலைக்கு மாற்றியிருந்தார்கள். அக்கா வாயெடுப்பதற்குள் தங்கை போனை மேசையில் வைத்து, ஒரு இடத்தில் தொட்டாள்.

“ஐயாட்ரோஜெனிக்” என்றது போன். அக்கா சாப்பாட்டு வேளைகளில் கேட்டுப் பழகிய அதே பெண் குரல். ஒரு மூச்சு விட்டு, கையோடு நம் மொழியிலேயே அர்த்தமும் சொன்னது: “வைத்தியரால், அல்லது வைத்தியத்தால் உண்டானது.”

அக்கா பையைத் தோளிலிருந்து இறக்காமலேயே நின்றாள்.

“மேனேஜர் என்ன வியாதின்னு கேட்டாரு” என்றாள் தங்கை, காற்றாக. “எனக்குத்தான் சொல்ல வராதே. போனைச் சொல்ல வச்சேன். அர்த்தத்தையும் சேர்த்துச் சொல்லிருச்சு. அவரு சிரிச்சிட்டாரு. டாக்டர் குடுத்த வியாதியான்னு.”

“எப்போ?”

“லீவு முடிஞ்சு வேலைக்குப் போன அன்னிக்கே. மறுநாளே வேற ஆஸ்பத்திரிக்குப் போனேன். முன்னாடியே வந்திருக்கக் கூடாதாம்மான்னு கேட்டாங்க.” மூச்சு வாங்கியது. “உன்கிட்ட நானா கேக்கக் கூடாதுன்னு இருந்தேன். தினம் நீ வெந்நி கொண்டாரும்போது, இன்னிக்குச் சொல்லிருவா, இன்னிக்குச் சொல்லிருவான்னு பாத்துட்டே இருந்தேன்க்கா.”

“என் வேலை போயிரும்னு பயந்துட்டேன்டி. நம்ம ரெண்டு பேருக்கும்தானே…”

தங்கை போனை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

“இது உன்னை மாதிரியே சொல்லுதுக்கா. உச்சரிப்பெல்லாம் அப்படியே இருக்கு. ஆனா இது அர்த்தத்தை மறைக்கல.”

அவள் அக்காவிடம் பேசிய கடைசிப் பேச்சு அதுதான். சீட்டு வாங்க வருகிறவர்களிடம் காற்றுக் குரலிலாவது சில்லறை கேட்கிறாள். வீட்டில் அதுவும் இல்லை. வெந்நீர் வைத்த இடத்திலேயே ஆறிப்போகிறது.

அக்காவுக்கு மேசை மிஞ்சியது. நேற்று மகனைப் பறிகொடுத்த ஒரு பெரியவர் எதிர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பெரிய டாக்டர் சொல்லியனுப்பிய வார்த்தை அதே வார்த்தைதான். அவள் சொன்னாள். பெரியவர் சட்டைப்பைக்குள் கையை விட்டார். போனை எடுக்கப்போகிறார் என்று நினைத்தாள். அவர் கைக்குட்டையை எடுத்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, “நல்லாப் புரியும்படி சொன்னீங்கம்மா” என்றார்.