என் காதுக்குப் பின்னால்

முதலில் வளைந்தது பாவுதான். நேராக இழுத்துக் கட்டிய பட்டு இழை நடுவில் நெளிகிறது என்று என் வீட்டுக்காரர் தறியை விட்டு எழுந்துவிடுவார். "இன்னாமே, பாவு இப்படி அலையுது? ஒழுங்கா புடிச்சியா இல்லியா?" என்று என்மேல் பாய்வார். நானும் பயந்துகொண்டே மறுபடி இழுத்துப் பிடிப்பேன். இழை நேராகத்தான் இருந்தது. கோளாறு கண்ணில் இருக்கும் என்று எங்கள் இரண்டு பேருக்குமே தோன்றவில்லை.

பிறகு ஒரு நாள் அவருடைய வலது கண்ணின் ஓரத்திலிருந்து கறுப்பாக ஒரு திரை இறங்கியது. வேலூரில் பார்த்து மெட்ராசுக்கு அனுப்பினார்கள். எண்பதுகளின் தொடக்கம் அது. "விழித்திரை கழண்டுகிட்டு வந்துடுச்சும்மா. ஆபரேஷன் பண்ணி ஒட்ட வெச்சிடலாம். ஆனா ரெண்டு கண்ணுலயும் நடுவுல வயசால தேஞ்சுபோன எடம் இருக்கு. அது திரும்பாது" என்றார் டாக்டர். ஐந்தாவதோடு நின்ற எனக்கு, ஒட்ட வைக்கலாம் என்றது மட்டும்தான் மனதில் நின்றது.

ஆபரேஷன் நடக்கும்போது நான் சாமியை வேண்டவில்லை. மூத்தவளை வேண்டினேன். அவருடைய முதல் மனைவி. நான் வாக்கப்படும் முன்பே பூவும் பொட்டுமாகப் போனவள். அப்படிப் போனவளைப் பூவாடைக்காரி என்று சொல்லி, புடவை வைத்துப் படைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். அவளுக்குப் பயந்தே குடித்தனம் நடத்தியவள் நான். பால் பொங்கி வழிந்தால்கூட அவளுக்கு என்ன கோபமோ என்று மனசு அடித்துக்கொள்ளும். "அக்கா, அவருக்குக் கண்ணக் குடு. நல்ல பட்டாவே வெக்கிறேன்" என்றேன்.

கட்டு அவிழ்த்தார்கள். கறுப்புத் திரை போயிருந்தது. நன்றாக ஒட்டியிருக்கிறது என்று டாக்டருக்குத் திருப்தி. ஆனால் இவர் என்னைப் பார்க்கவில்லை. என் காதுக்குப் பின்னால் பார்த்துச் சிரித்தார். திரும்பினேன். வெறும் சுவர்.

ஆரணிக்கு வந்தும் அப்படியேதான். "இன்னாக்கா, மாமா உன் பின்னாடி யாரையோ பாத்துகினே பேசறாரு? சின்ன வூடு கீது வெச்சுகினு கீறாரா?" என்று பக்கத்து வீட்டுக்காரி கேலி செய்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வேண்டியபடி பட்டு வைத்துப் படைத்தேன். அப்புறமும் அந்தப் பார்வை விலகவில்லை. வேண்டிக் கூப்பிட்டோமே, வந்தேவிட்டாளோ? சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டே வீட்டு வேலை செய்தேன்.

ஒரு மத்தியானம் சோறு போடும்போது தாங்காமல் கேட்டுவிட்டேன். "யாரப் பாக்கறீங்க? அக்கா நிக்கிறாங்களா?"

அவர் கை சோற்றிலேயே நின்றது. "அட பைத்தியம், உன்னத்தான்மே. நேரா பாத்தா உன் மூஞ்சி இருக்கற எடத்துல கருப்பா ஒரு ஓட்ட. காதாண்ட பாத்தாத்தான் ஓரத்துல நீ வர்ற. மூக்குத்தி மினுக்கறதுகூட தெரியுது."

அழுதுகொண்டே ரசம் ஊற்றினேன். அதற்கப்புறம் அவர் பார்வை என்னைத் தாண்டிப் போனால்தான் எனக்கு நிம்மதி.

சில வருடம் அப்படி ஓடியது. ஒரு நாள் காலையில் காப்பி கொண்டுபோனேன். தலையைத் தூக்கினார். காதுப் பக்கம் போகாமல் என் முகத்தையே நேராகப் பார்த்தார். எனக்குப் பழக்கமில்லாத ஒரு சிரிப்பு.

"வந்துட்டியா" என்றார்.

நான் எங்கேயும் போயிருக்கவில்லை. டம்ளரை அவர் கையில் வைத்துவிட்டு மெல்ல நகர்ந்து நின்றேன். நான் நின்றிருந்த இடத்தைப் பார்த்தே சிரித்துக்கொண்டிருந்தார்; பார்வை என்னோடு நகரவில்லை.