உஸ்தாது சொன்ன இரண்டாவது காரியம்

என் இரண்டாவது பிள்ளையும் ஆபரேஷன் செய்துதான் பிறந்தான். தியேட்டருக்குக் கொண்டுபோகும் முன் நர்ஸ் ஒரு தாளை நீட்டிக் கையெழுத்துப் போடச் சொன்னாள். முழுக்க மலையாளம். கல்யாணமாகி நான்கு வருஷமாகத் திருவனந்தபுரத்தில் இருந்தாலும், பேசினால் புரியுமே தவிர எனக்கு அந்த எழுத்து வாசிக்க வராது. பக்கத்தில் நின்ற கணவரைப் பார்த்தேன். ஆபரேஷனுக்குத்தான், போடு என்றார். போட்டேன்.

அது தொண்ணூறுகளின் கடைசி. பழவங்காடிக்குப் பின்னால் ஒரு சந்தில் அவருக்குக் குடைக்கடை. கரமனையில் வாடகை வீடு. இருவருக்கும் சொந்த ஊர் தென்காசிப் பக்கம்.

மகனுக்கு மூன்று வயது நெருங்கியும் நான் மறுபடி உண்டாகவில்லை. ஊரிலிருந்து வந்து எங்களோடு தங்கியிருந்த மாமி, என் கணவரின் உம்மா, மாதாமாதம் நான் தொழாமல் இருக்கும் நாட்களைக் கவனித்துக்கொண்டே இருந்திருக்கிறார். ஒருநாள் மீன் அரிந்துகொண்டிருந்தபோது நேராகவே கேட்டுவிட்டார்.

"ஏளா, ஆஸ்பத்திரியில என்ன செஞ்சிட்டு வந்த? கர்ப்பத்த நிறுத்திட்டியா?"

இல்லை என்று சத்தியம் செய்தேன். அவர் நம்பவில்லை. அல்லாஹ் தருவதை வேண்டாமென்று அறுத்துப்போடுவது ஹராம் என்று அன்றிலிருந்து சுவரைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தார்.

சத்தியம் செய்த எனக்கே பிறகு சந்தேகம் வந்தது. அந்தத் தாளில் என்ன எழுதியிருந்தது? மயக்கத்தில் கிடந்தபோது கேட்காமலே குழாயை அறுத்துக் கட்டியிருப்பார்களோ? அப்படிச் செய்வார்கள் என்று அக்கம்பக்கத்துப் பெண்கள் பேசிக் கேட்டிருக்கிறேன். குளிக்கும்போதெல்லாம் தழும்பைத் தடவிப் பார்ப்பேன், ஏதோ விரலுக்குத் தெரிந்துவிடும் என்பதுபோல.

அதைவிட உறுத்தியது வேறொன்று. என் கணவர் மட்டும் எதுவும் கேட்கவில்லை. மாமி பேச்சை எடுத்தாலே கடைக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்துவிடுவார். பிள்ளைகள் என்றால் உயிரை விடுகிற மனுஷன். அடுத்தது எப்போது என்று ஒரு தடவைகூட ஏன் கேட்கவில்லை? அவர் சட்டையைத் துவைக்கப் போடும்போது பைகளை இரண்டு தரம் பார்க்க ஆரம்பித்தேன். என்ன தேடினேன் என்று எனக்கே தெரியாது.

ஒரு காலையில், பல்வலி என்று மாமியிடம் சொல்லிவிட்டு, தனியாகப் பஸ் ஏறி அதே ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டரம்மா ஸ்கேன் செய்து பார்த்துவிட்டு, "காப்பர்-டி உண்டல்லோ. அறிஞ்சூடே?" என்றார். எனக்குத் தெரியாதா என்று கேட்கிறார். பழைய ஃபைலை வரவழைத்துக் காட்டினார். கரு தங்காமலிருக்க ஆபரேஷன் சமயத்திலேயே உள்ளே வைத்தது. தாளில் என் கையெழுத்து, கீழே என் கணவருடையது. மனைவியிடம் சொல்லியாயிற்று என்று அவர்தான் சொன்னாராம்.

மத்தியானம் அவர் சாப்பிட வந்தபோது மாமி பக்கத்து வீட்டில் இருந்தார். சோற்றை வைத்துவிட்டுக் கேட்டேன். அவர் கையை எடுத்துவிட்டார். முதல் ஆபரேஷனில் தையல் போட்ட இடம் மெலிந்திருக்கிறது, இதற்குப் பிறகு உடனே இன்னொன்று உண்டானால் உயிருக்கே ஆபத்து என்று பிரசவத்துக்குச் சில நாள் முன்பே டாக்டர் அவரிடம் சொன்னாராம். அன்றைக்கே பள்ளிவாசலில் ஓதிக்கொடுக்கும் உஸ்தாதிடம் போய்க் கேட்டாராம். மார்க்கத்தில் அது கூடும் என்று உஸ்தாது சொன்னாராம்.

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நீ பயந்துருவ. உம்மாட்டயும் சொல்லிருவ."

இத்தனை நாள் ஹராம் என்ற சொல்லை நான் வாங்கிக்கொண்டிருக்க, இவர் வாயை மூடிக்கொண்டு கடைக்குப் போயிருக்கிறார். உஸ்தாதிடம் போனேன் என்பதையும் நான் நம்பவில்லை. என்னைக் கூட்டிக்கொண்டு போங்கள், நானே கேட்கிறேன் என்றேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அஸர் தொழுகைக்குப் பிறகு உஸ்தாது வீட்டுக்குப் போனோம். அவர் மனைவி என் பக்கத்தில் உட்கார்ந்தார். உஸ்தாது மலையாளம் கலந்த தமிழில் நிதானமாகச் சொன்னார். நபி காலத்திலேயே அவருடைய தோழர்களான சஹாபாக்கள் 'அஸ்ல்' செய்திருக்கிறார்கள், அதாவது கரு தங்காமல் விலகிக்கொள்வது, அது தடுக்கப்படவில்லை. அதை வைத்துத்தான் தற்காலிகமான தடைகளைப் மார்க்கம் கற்ற ஆலிம்களில் பெரும்பாலோர் அனுமதிக்கிறார்கள். ஒரேயடியாக நிறுத்துவதுதான் கூடாது, அதுவும் உயிருக்கு ஆபத்தென்றால் வேறு. பிறகு என் கணவரைப் பார்த்தார்.

"ஞான் உங்கட்ட ரெண்டு காரியம் சொன்னேனே. கூடும்னு சொன்னேன். மனைவியோட சம்மதம் வேணும்னும் சொன்னேன். பிள்ளை பெறுறதுல அவளுக்கும் உரிமை உண்டு."

என் கணவர் பாயின் ஓரத்தைப் பிய்த்துக்கொண்டிருந்தார்.

கரமனை ஸ்டாப்பில் இறங்கியதும், எடுத்துவிடலாமா என்று கேட்டார். இருக்கட்டும், எடுக்கும்போது நான் சொல்கிறேன் என்றேன். உம்மாவிடம் நீங்கள்தான் சொல்ல வேண்டும் என்றும் சொன்னேன்.

சொன்னார். மாமி நம்பவில்லை, மலையாளத்து உஸ்தாதுக்கு நாங்கள் ஏதோ சொல்லிக்கொடுத்துவிட்டோம் என்றார். ஊருக்குப் போய் எங்கள் பள்ளிவாசல் ஆலிம்சாவிடம் கேட்டிருக்கிறார். அவரும் அதையே சொல்லியிருக்கிறார். அதன்பின் என்னிடம் அந்தப் பேச்சை எடுக்கவில்லை, மன்னிப்பும் கேட்கவில்லை.

இரண்டு வருஷம் கழித்து, டாக்டர் சரி என்ற பிறகு, நான் சொல்லித்தான் எடுத்தோம். மகள் பிறந்தாள். அவர் நல்ல மனுஷர்தான், என் உயிருக்குப் பயந்துதான் செய்தார் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். ஆனாலும் வெகுகாலம் அவர் தலைவலி மாத்திரை வாங்கி வந்தால்கூட, அட்டையைத் திருப்பி எதற்கானது என்று பார்த்துவிட்டுத்தான் விழுங்கினேன். அவரும் அதைக் கவனித்தார். ஏன் என்று கேட்டதில்லை.