இரண்டே பேர்தானே

அடையாறில் எங்கள் அடுக்ககப் பெண்கள் சேர்ந்து மாதாமாதம் சில ஏழைக் குடும்பங்களுக்கு மளிகைப் பை கொடுக்கிறோம். யாருக்குக் கொடுப்பது என்று சண்டை வந்தபோது, கணக்கு டீச்சராக இருந்த நான்தான் வழி சொன்னேன். வீட்டு வருமானத்தைத் தலைக்கு வகுப்போம், குறைவாக வருகிறவர்களுக்கே பை. எல்லோரும் "அப்பாடா" என்றார்கள். பெருமையில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

வாசலுக்கு மீன் கொண்டுவரும் கொட்டிவாக்கத்து அம்மாவும் பை கேட்டாள். வீட்டில் அவளும், படுத்தே கிடக்கும் வளர்ந்த மகனும் மட்டும். வகுத்தேன். ஏழு பேர் இருக்கும் வாட்ச்மேன் வீட்டைவிடத் தலைக்கு அதிகமாக வந்தது. "இரண்டே பேர்தானே" என்று தள்ளிவிட்டேன்.

ஏழு பேருக்கும் ஒரே வாடகைதான், இரண்டு பேருக்கும் ஒரே வாடகைதான் என்பது எனக்குத் தெரியாதா? பிள்ளைகள் வெளிநாடு போய் ஒண்டிக்கட்டையான பிறகு என் ஃப்ரிட்ஜ் என்ன கால்வாசிக் கரண்டிலா ஓடுகிறது? மாதாமாதம் புலம்புகிறவள்தானே நான்! அந்த மகனுக்கு டயப்பர் வேண்டும், அவள் வியாபாரத்துக்கு வந்தால் அவனைப் பார்த்துக்கொள்ளும் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குக் கூலி வேண்டும். அதெல்லாம் என் வகுத்தலில் வரவேயில்லை. அவளுக்காக மாற்றினால் என் கணக்கு தப்பு என்றாகிவிடும். வீம்பு, வேறென்ன.

முகத்தைப் பார்த்துச் சொல்லவும் தைரியம் இல்லை. "நான் எவ்வளவோ சொன்னேம்மா, மத்தவங்க ஒத்துக்கல" என்று புளுகினேன்.

"பரவால்ல வுடு டீச்சரம்மா" என்றாள்.

பிறகு அவள் வாசலுக்கு வருவது நின்றுவிட்டது. போன வாரம் கொட்டிவாக்கம் பக்கம் போனபோது சாலையோரம் கடை போட்டிருந்தாள். கூடைகளுக்குப் பக்கத்தில், கிழிந்த குடைக்குக் கீழே பாயில் அவள் மகன். முகமெல்லாம் ஈ.

"ஐயோ, இவனை ஏம்மா வெயில்ல கொண்டாந்தே?" என்றேன்.

"இன்னா பண்றது? பாத்துக்கினு இருந்த பொண்ணுக்குத் துட்டு குடுக்க முடில. தனியா வுட்டா கட்டில்லேர்ந்து வுயுந்துடுறான்."

சொல்லிவிட்டு, மகன் பக்கம் குனிந்தாள்.

"டேய், நமக்கோசரம் எல்லார்கிட்டயும் சண்ட போட்டாங்கன்னு சொன்னேனே, அந்த டீச்சரம்மா இவங்கதான். கும்புட்றா."

வளைந்த விரல்களை அவன் மெல்ல மெல்லக் கொண்டுவந்து ஒன்றாகச் சேர்த்தான். பாவி நான், அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். பதிலுக்குக் கும்பிட்டேன்.