ஓநாய்களுக்குப் போட்ட புள்ளிகள்

ஆடிக் கிருத்திகை அன்று மலைக்குப் போகும் தெருவெல்லாம் காவடிக் கூட்டமாக இருக்கும் என்பதால் சித்தப்பா தன் பிரவுசிங் சென்டருக்கு விடுமுறை விட்டுவிடுவார். எங்களுக்கு அதுதான் திருவிழா. பாதி இறக்கிய ஷட்டருக்குள்ளே பெரியப்பா மகனும் நானும் ஆளுக்கொரு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிடுவோம். அப்போது நான் ஆறாம் வகுப்பு.

அரக்கர்களைச் சாய்த்துக்கொண்டே போகும் விளையாட்டு அது. நிலை ஏற ஏறப் புள்ளிகள் கிடைக்கும். அவற்றைப் போட்டுத் திறன்களை வளர்க்கலாம். அண்ணன் எல்லாவற்றையும் வாளுக்கும் நெருப்புக்குமே போட்டான். நான் எடுத்துக்கொண்டவள் ஓநாய்களை வரவழைக்கும் மந்திரக்காரி. என் புள்ளிகள் அத்தனையும் ஓநாய்களின் பல்லுக்கும் தோலுக்கும் போயின. அந்தத் திறன்களுக்கு எந்தப் பட்டனையும் அழுத்த வேண்டியதில்லை. அவள் உயிரோடு இருந்தாலே போதும், ஓநாய்களுக்குப் பலம் கூடும். அவள் கையில் இருந்ததோ ஆரம்பத்தில் கொடுத்த வெறும் குச்சி.

“இன்னாடி இது, சும்மா நின்னுகினு கீறா?” என்று அண்ணன் சிரித்தான்.

ஆனால் குகைக்குள் இருந்த கல் அரக்கனிடம் அவன்தான் காலையிலிருந்து செத்துக்கொண்டிருந்தான். கடைசியில் வெறுத்துப்போய், “நீ வேணா போய்ப் பாரு. செத்தன்னா இனிமே இங்க வந்து உக்காரக் கூடாது” என்றான்.

போனேன். அவளைப் பாறைக்குப் பின்னால் நிறுத்திவிட்டு ஓநாய்களை ஏவினேன். அரக்கன் விட்ட அடியில் ஒன்று சுருண்டு விழுந்தது. நான் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டேன். விழுந்தது உதறிக்கொண்டு எழுந்து மறுபடி பாய்ந்தது. அரக்கன் பொடிப்பொடியாக உதிர்ந்தபோது நான் போட்ட கூச்சல், தெருவில் போன அரோகராவையும் மிஞ்சியது. அண்ணன் எழுந்து, பெரிய திரை இருந்த தன் இடத்தை எனக்கு விட்டுக்கொடுத்தான்.

சத்தம் கேட்டு, பின்கட்டு வீட்டிலிருந்து சித்தி ஓடி வந்தாள். தினமும் ஷட்டரைத் தூக்குவது முதல் வருகிறவர்களுக்கு விண்ணப்பம் நிரப்பித் தருவது வரை அங்கே எல்லாம் சித்திதான். முதலாளி நாற்காலி மட்டும் சித்தப்பாவுடையது. நான் மூச்சுவிடாமல் சொன்னதையெல்லாம் கேட்டுக்கொண்டாள்.

“அப்ப அந்தப் பொண்ணு சண்டையே போடலியா?”

“இல்ல சித்தி. பின்னாடிதான் நிப்பா. ஆனா அவ இருக்கறதாலதான் அதுங்களுக்கு பலம்.”

சித்தி இன்னொரு முறை சொல்லச் சொன்னாள்.

மதியம் சித்தப்பா மலையிலிருந்து இறங்கி வந்தார். அவர் கால் கழுவுவதற்குள் சித்தி என்னை முன்னால் கொண்டுபோய் நிறுத்தி, “இவ இன்னா சொல்றான்னு கேளுங்க” என்றாள். நான் நிமிர்ந்து நின்று முழுக் கதையையும் சொன்னேன்.

“ஆங், கேம்தானே” என்று சித்தப்பா சிரித்தார்.

சித்தி சிரிக்கவில்லை. “நல்லா கேட்டுக்குங்க” என்றாள்.

என் வெற்றியில் சித்திக்குத்தான் எத்தனை பெருமை என்று அன்று முழுக்க நான் பூரித்துக்கொண்டிருந்தேன்.