படிக்கல்லும் பக்கச் சன்னலும்

“…படிய மிதிக்க மாட்டேன்னுதான் சொன்னேன். சாமான் வாங்க மாட்டேன்னு சொல்லலையே, தம்பி.”

சந்துப் பக்கச் சன்னலுக்கு வெளியே நின்று புஷ்பம் அக்கா என்னிடம் இதைச் சொன்னபோது காலை ஒன்பது மணி. நான் கடைக்குள் அளவு நாடாவின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். சன்னல் சிறியது; அவருடைய கையும் மஞ்சள் துணிப்பையும்தான் தெரிந்தன. கடைக்காரர் ஞானதுரை அவருடைய உடன்பிறந்த தம்பி. அவர் அரைக் கிலோ துவரம்பருப்பைப் பொட்டலம் கட்டிப் பைக்குள் வைத்தார்.

அங்கே எப்படிப் போய்ச் சேர்ந்தேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

தை பிறந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. மதுரைப் பெரியார் நிலையத்தில் ஆறரை மணிக்குப் பேருந்து. கூட வந்தவர் நண்பர் ஜமால். இடிக்கப் போகிற பழைய கட்டடங்களை அளந்து வரைந்து வைப்பது அவர் வேலை. வரைந்து வைத்தால் கட்டடம் தூங்குகிறது என்று அர்த்தம், வரையாமல் இடித்தால்தான் சாவு என்பார். நாடா பிடிக்க ஆள் வேண்டும் என்று என்னை அழைத்திருந்தார். எனக்கு நாடாவைவிட நாலு பேர் பேச்சுதான் இஷ்டம் என்பது அவருக்கும் தெரியும்.

பசுமலை பனிக்குள் பாதிதான் இருந்தது. திருநகரில் பள்ளிப் பிள்ளைகள் வெள்ளைச் சட்டையோடு பனியிலிருந்து ஒவ்வொருவராக முளைத்து, மறுபடி அதற்குள்ளேயே கரைந்தார்கள். “சன்னலச் சாத்துங்கண்ணே, பனி டிக்கெட் எடுக்காம ஏறுது” என்றார் நடத்துனர். திருமங்கலம் வரை இருபது கிலோமீட்டர், பதினெட்டு ரூபாய்.

ஏழே காலுக்குத் திருமங்கலத்தில் இறங்கி, பன்னிரண்டு ரூபாய்க்கு டீ குடித்துவிட்டு ஷேர் ஆட்டோ பிடித்தோம். வேலாங்கரைக்கு ஒன்பது கிலோமீட்டர், ஆளுக்கு இருபத்தைந்து ரூபாய். கடையை அளக்கப் போகிறோம் என்று கேட்டதும் ஓட்டுநர் கண்ணாடியில் எங்களை ஏற இறங்கப் பார்த்தார். இடிக்கப் போகிற கடைக்கு அளவெடுப்பது, ஊரைவிட்டுப் போகிறவனுக்குச் சட்டை தைக்கிற மாதிரி இருக்கிறதே என்றார். இரண்டு பக்கமும் பருத்திக் காடு. கண்மாய் எது, வானம் எது என்று பிரிக்க முடியவில்லை. ரோடு தண்ணீர்மேல் மிதந்து போவதுபோல இருந்தது; ஆட்டோச் சத்தம்கூட வேறு எங்கேயோ கேட்டது.

கடை அந்தப் பனியின் கடைசியில் இருந்தது. முகப்பில் நான்கு கல்தூண்கள். வரிசையாகச் செருகி எடுக்கிற பலகைக் கதவுகள். இரண்டடி கனத்தில் சுண்ணாம்புச் சுவர், மேலே பனஞ்சட்டமும் ஓடும். உள்ளே போனால் ஓட்டு இடுக்குகளிலிருந்து வெளிச்சம் கயிறு கயிறாகத் தொங்கியது. அதில் மிளகாய்த் தூளும் மாவுத் தூசியும் மெதுவாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தன. பெருங்காயமும் கருப்பட்டியும் கலந்த வாசனை. பலமாகப் பேசினால் கலைந்துவிடும்போல இருந்ததால் நானே கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தேன். ஜமாலுக்கு ஆச்சரியம்.

ஞானதுரைக்கு இந்தக் கிறக்கம் ஒன்றும் இல்லை. “மழைக்கு மூட்டையத் தூக்கித் தூக்கி இடுப்பே போச்சுண்ணே. காங்கிரீட்டு வந்தா நிம்மதி” என்றார். கீழே இரண்டு ஷட்டர் கடை, மேலே அவர் குடியிருக்க வீடு. திங்கட்கிழமை இடிப்பு. அப்பா போட்ட படிக்கல்லை மட்டும் புது வாசலுக்கும் வைக்கப் போகிறார்.

சந்துப் பக்கம் என்ன வருகிறது என்று ஜமால் கேட்டார். முன்வாசல் வழியாக உள்ளே வந்து ஏறுகிற மாடிப்படி என்றார் ஞானதுரை. சொன்ன பிறகு சன்னலை ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

அக்கா அந்தச் சன்னலுக்கு வந்த காரணத்தை எதிர்ச்சாரி டீக்கடைக்காரர் எனக்குச் சொன்னார். ஞானதுரை மகள் கல்யாணத்துக்கு முதல் பத்திரிகை அத்தைக்கு. அதைத் தட்டில் வைத்து, வீடு தேடிப் போய்க் கொடுக்க வேண்டும். இவர் அன்றைக்கு வியாபார மும்முரத்தில், கடைக்கு வந்த அக்காவிடம் சோப்புக் கட்டியோடு சேர்த்துப் பத்திரிகையை நீட்டிவிட்டார். இனி இந்தப் படியை மிதிக்க மாட்டேன் என்று அந்தக் கல்லிலேயே நின்று சொல்லிவிட்டு இறங்கியவர்தான். பிள்ளை என்ன பாவம் செய்தாள் என்று கல்யாணத்துக்கு மட்டும் போனார். மற்றபடி பல வருஷமாக அக்காவும் தம்பியும் பார்த்துக்கொள்வது சன்னல் அகலத்துக்குத்தான்; பேச்சும் பருப்பு, எண்ணெய் என்பதோடு சரி. இப்போது சன்னலும் போகிறது. அதே கல் வீட்டுக்கும் வாசலாகிறது.

பதினோரு மணி. தார் போட்டுப் போட்டு ரோடு உயர்ந்ததில் படிக்கல் பாதி புதைந்திருந்தது. அதன் முழு உயரம் வேண்டும் என்றார் ஜமால். எப்படியும் பெயர்க்கிற கல்தானே என்று ஞானதுரை டீக்கடையில் இருந்த இரண்டு பேரைக் கூப்பிட்டார். கடப்பாரை போட்டு நெம்பிப் புரட்டினார்கள். அடியில் ஈரமண்ணும் வெள்ளை வெள்ளையாக வேரும் மட்டும் இருந்தன. அந்த வெற்றிடத்தையே பார்த்துக்கொண்டு நின்றார் ஞானதுரை.

சத்தம் கேட்டிருக்க வேண்டும். சன்னலில் மறுபடி அந்தக் கை வந்தது. தீப்பெட்டி வாங்க மறந்துவிட்டதாம்.

ஞானதுரை தீப்பெட்டியை எடுத்துக்கொண்டு போனார். கொடுக்காமல் நின்றார்.

“அக்கா, படியப் பேத்தாச்சு. மிதிக்க ஒண்ணுமில்ல. இடிக்க முந்தி ஒரு தடவ உள்ள வந்துட்டுப் போயேன்.”

சன்னலில் நீண்டிருந்த கை பின்வாங்கியது.

“அன்னைக்குச் சோப்போட நீட்டுன. இன்னைக்குத் தீப்பெட்டியோட கூப்பிடுற.”

ஞானதுரை கையிலிருந்த தீப்பெட்டியைப் பார்த்தார். கல்லாவில் வைத்தார். பிறகு தராசிலிருந்து ஒரு பித்தளைத் தட்டைக் கழற்றித் துண்டால் துடைத்து, வெற்றிலையும் பாக்கும் நான்கு வாழைப்பழமும் ஒரு கை கற்கண்டும் வைத்தார். ஜமால் நாடாவை விட்டுவிட்டார். அது சர்ரென்று சுருண்டு என் கைக்குள் வந்து சேர்ந்தது. படி இல்லாத வாசலில் தட்டு சாயாமல் பார்த்துப் பார்த்து இறங்கி, ஞானதுரை சந்துப் பக்கம் திரும்பினார்.

நான் சன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். அக்கா வீடு சந்தில் நான்காவது. பகலெல்லாம் திறந்தே கிடக்கிற வீடு. தம்பி தட்டோடு முனை திரும்புவதைப் பார்த்ததும் அக்கா பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல், ஓட்டமும் நடையுமாக வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். தம்பி வந்து கதவைத் தட்டட்டும் என்று.